காட்சி தெரிகிற பிள்ளையும் கொலை வழக்கும்: அமானுஷ்யக் குற்றக் கதை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு, கதை எழுதுகிறவர்கள் கூடுவோம். பதினெட்டு ஆண்டுகள் குற்றவியல் வழக்குகள் நடத்திவிட்டு, இப்போது பிறர் எழுதும் கதைகளைத் திருத்திக்கொண்டிருப்பவள் நான். அதனால் சட்டச் சந்தேகம், கதைச் சந்தேகம் இரண்டும் என் தலையில்தான் விழும். சமீப காலமாக வரும் கையெழுத்துப் பிரதிகளில் ஒரு பையன் அடிக்கடி தலைகாட்டுகிறான். பள்ளி மாணவன், யாரோ செய்த கொலை, அவன் கேட்காமலே அவன் கண்ணில் தெரிகிறது. எழுதுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், கேள்விகள் மட்டும் அதே கேள்விகள்.

தொண்டை வறளச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்துவிட்டேன். எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களில் கதிர் என்ற கற்பனைப் பையன் வருவான். வயது 14, ஊர் சின்னமனூர், ஒன்பதாம் வகுப்பு. பக்கத்து வீட்டு அக்கா காணாமல்போன மறுநாள், அவளுடைய செருப்பைத் தொட்டதும் அவனுக்கு ஒரு தோட்டத்துக் கிணறு தெரிகிறது.

அமானுஷ்யம் என்று வந்துவிட்டால் அது பேய்க் கதைதானே? அதைக் குற்றக் கதை என்று எப்படிச் சொல்வது?

கொலை செய்தவன் மனிதனாக இருந்தால் அது குற்றக் கதை. பேயே கொன்றது என்றால் பேய்க் கதை. கதிருக்குக் கிணறு தெரிவது மட்டும்தான் இயற்கைக்கு மீறியது. அந்தப் பெண்ணை யார் கொன்றார்கள், எதற்காக, உடல் கிணற்றுக்கு எப்படிப் போனது என்பவை எல்லாம் சாதாரண மனிதர்களின் சாதாரண அற்பத்தனத்திலிருந்து வரவேண்டும். நிலத்தகராறு, நகை, கடன், சந்தேகம் இப்படி ஏதாவது ஒன்று.

இது வெளிநாட்டுச் சரக்கு அல்லவா? நம் ஊர் மண்ணில் ஒட்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிற ஒவ்வொருவரையும் என் பாட்டியிடம் அனுப்பிவைக்க ஆசை. அவர் இப்போது இல்லை. அவர் சிறுமியாக இருந்தபோது வீட்டில் ஒரு சங்கிலி களவுபோக, மைபோட்டுப் பார்க்கிறவரை வரவழைத்திருக்கிறார்கள். வெற்றிலையில் மையைத் தடவி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு குழந்தையின் கையில் கொடுப்பார்கள். குழந்தைதான் பார்க்கவேண்டும், மைக்காரர் கேள்வி மட்டும் கேட்பார். முதலில் ஒருவர் வந்து இடத்தைப் பெருக்குவார், அடுத்தவர் நீர் தெளிப்பார், ஆசனம் போடுவார்கள், அனுமார் வந்து உட்காருவார், அதன்பிறகு திருடன் தெரிவான் என்பது பாட்டி சொன்ன வரிசை. அன்று வெற்றிலையைப் பிடித்திருந்தது என் பாட்டிதான். வீட்டு வேலைக்காரப் பையனின் முகம் தெரிந்ததாகச் சொல்லிவிட்டார். அவனை அடித்தார்கள். சங்கிலி மூன்றாம் நாள் மாட்டுத் தொழுவத்தில் கிடைத்தது. எண்பது வயதிலும் அவர் வெற்றிலை போடமாட்டார். ஒரு நாவலுக்கு இது போதாதா?

மைபோடுவதில் இன்னொரு விதி உண்டு. வயதுக்கு வராத பிள்ளைக்குத்தான் காட்சி தெரியும், அதன்பின் தெரியாது என்பார்கள். அப்படியானால் பதின்வயதில் காட்சி தெரிகிறவன் நம் மரபுப்படியே விதிமீறல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியில் மீண்டும் வருகிறேன்.

இன்னும் பழையது வேண்டுமென்றால் சிலப்பதிகாரம். பொய்க் குற்றச்சாட்டு, விசாரணையில்லாத கொலை, சாட்சிப் பொருளாக ஒரு சிலம்பு என்று அது முழுக்க ஒரு குற்ற வழக்கு. அதில் மூன்று பேருக்கு முன்கூட்டியே கனவு வருகிறது. கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கோவலன் மதுரைக்கு வெளியே மாடலன் என்ற மறையவனிடம் சொல்கிறான். பாண்டிமாதேவி குடையும் செங்கோலும் வீழக் கண்டு நடுங்குகிறாள். மூவரில் ஒருவராலும் எதையும் தடுக்க முடியவில்லை. தேவந்தி பரிகாரம் சொல்கிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழு என்று. அது பெருமையன்று என ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள் கண்ணகி. சற்று நேரத்தில் கோவலன் வாசலில் வந்து நிற்க, அவனைக் கொல்லப்போகும் அந்தச் சிலம்பைத் தானே எடுத்துக் கொடுக்கிறாள். கனவு கண்டவளே கருவியையும் கொடுப்பது என்ற அந்தத் திருப்பத்தை மிஞ்சிய ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை.

காட்சி எப்படி வரவேண்டும்? கனவிலா, தொட்டாலா, கண்ணாடியிலா?

ஒரே ஒரு வாசல் வையுங்கள். முதல் அத்தியாயத்தில் செருப்பைத் தொட்டால் தெரிகிறது, நான்காவதில் கனவில் தெரிகிறது, பத்தாவதில் இறந்தவளே பேசுகிறாள் என்றால், அடுத்து ஆசிரியருக்கு எது வசதியோ அது நடக்கும் என்று வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

வாசலைத் தேர்ந்த பிறகு அதற்கு ஒரு பூட்டும் வேண்டும். கதிர் தொட்டால்தான் தெரியும் என்றால், அந்தப் பொருள் வியர்வை பட்டதாக இருக்கவேண்டும், துவைத்தால் போய்விடும் என்று ஒரு கட்டுப்பாடு. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவன் அம்மா அறியாமல் அந்த அக்காவின் தாவணியைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருப்பாள். அவ்வளவுதான், உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைத்துவிட்டது.

காட்சி வரும்போது மூக்கில் ரத்தம் வரலாமா?

வேண்டாம். எனக்கு வரும் பிரதிகளில் பாதிப் பேருக்கு மூக்கில் ரத்தம் வடிகிறது. உண்மையான உடம்பு இதைவிட விசித்திரமானது. மூளையின் பக்கவாட்டு மடலில் எழும் வலிப்புக்கு முன்னறிகுறியாக, எங்குமே இல்லாத தீய்ந்த நாற்றம் வரும். வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவது போலிருக்கும். இதெல்லாம் ஏற்கெனவே நடந்தது என்று உறுதியாகத் தோன்றும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குப் பார்வையில் வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தெரிவதுண்டு. விடியற்காலையில் விழித்துக்கொண்டும் கை கால் அசையாமல், மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது போலக் கிடப்பதை நாம் அமுக்குவான் பேய் என்கிறோம். இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கதிருக்குக் கிணறு தெரியும்முன் திராட்சைக்கு அடிக்கும் மருந்தின் வாசனை வரட்டும். சின்னமனூரில் அந்த வாசனை எங்கும் இருக்கும் என்பதால், எது காட்சி, எது காற்று என்று அவனுக்கே தெரியாது.

பையனுக்கு இது ஏன் பிடிக்காமல் போகவேண்டும்? சக்தி கிடைத்தால் சந்தோஷம்தானே?

1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமத்தில், சுரங்கக் கழிவுக் குன்று ஒன்று சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். இறந்தவர்களில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, முதல்நாள் தன் தாயிடம், பள்ளிக்குப் போனதாகவும் அங்கே பள்ளியே இல்லை என்றும், கறுப்பாக ஏதோ வந்து மூடியிருந்ததாகவும் கனவைச் சொல்லியிருக்கிறாள். இப்போது நேரமில்லை என்று தாய் சொன்னாராம். ஜான் பார்க்கர் என்ற மனநல மருத்துவர் லண்டன் நாளிதழ் ஒன்றின் வழியாக, இப்படி முன்கூட்டியே உணர்ந்தவர்கள் எழுதலாம் என்று கேட்டார். 76 கடிதங்கள் வந்தன. அடுத்த ஆண்டு முன்னுணர்வுகளைப் பதிவுசெய்து வைக்க ஓர் அலுவலகமே தொடங்கினார்.

அந்தக் கனவு உண்மையில் முன்னறிவிப்பா, தற்செயலா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். சொன்னவளுக்கும் கேட்டவளுக்கும் நடுவில் இருந்தது ஒரு காலை நேர அவசரம் மட்டும்தான். தெரிந்துகொண்டவன் சும்மா இருக்க முடியாது. சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். நடந்த பிறகு, ஏன் உரக்கச் சொல்லவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டிருப்பான். பதினான்கு வயதில் இதைச் சுமப்பவனுக்குச் சந்தோஷம் எங்கிருந்து வரும்? போதாக்குறைக்குக் கணக்குப் பரீட்சைக்கு வரும் கேள்வி ஒன்றுகூட அவன் கண்ணில் தெரியாது.

வீட்டில் சொன்னால் என்ன செய்வார்கள்? நேராக மருத்துவரிடமா, கோடாங்கியிடமா?

பெரும்பாலும் இரண்டு பேரிடமும் போவார்கள், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம். அப்பா தேனியில் நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போவார். பாட்டி குலதெய்வக் கோயிலுக்கு. இந்தச் சண்டையைக் கதைக்குள் கொண்டுவாருங்கள், நல்ல அத்தியாயமாக வரும். கோடாங்கியை மோசடிக்காரர் என்று மட்டும் எழுதுவது சோம்பல். உடுக்கை அடித்துக் குறி சொல்லும் பலர் ஊரின் கதை முழுவதும் அறிந்தவர்கள். யாருக்கும் யாருக்கும் பகை, எந்த வீட்டில் எந்தப் பெண் அழுகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். போலீஸ் கோடாங்கியிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் பாதி வழக்கு முடிந்திருக்கும் என்று நீதிமன்ற வராந்தாவில் பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஆனால் ஓர் எல்லை இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்கா அருகே நடந்துவந்த மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். மனநோய் உள்ள எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-ஆம் பிரிவில் சொல்கிறது. பையனைக் கட்டிப்போட்டு வேப்பிலை அடிக்கும் காட்சியை விறுவிறுப்புக்காக எழுதுகிறவர்கள் இதை அறிந்துகொண்டு எழுதட்டும்.

போலீஸில் சொன்னால் நம்புவார்களா?

நம்புவார்கள், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. 1980 டிசம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஒரு செவிலியர் காணாமல்போனார். வானொலியில் செய்தி கேட்ட இன்னொரு பெண்ணுக்கு, உடல் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் கிடப்பதாக மனத்தில் தெரிந்தது. காவல் நிலையத்துக்குப் போய் வரைபடத்தில் காட்டினார். பிறகு மனம் கேளாமல் தன் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்கேயே போனார். உடல் அங்கே கிடந்தது. போலீஸ் அவரைத்தான் கைதுசெய்தது. உண்மைக் குற்றவாளிகள் பிடிபடும்வரை நான்கு நாள் சிறையில் இருந்தார். பிறகு வழக்குப் போட்டார். 1987-இல் ஜூரி அவருக்கு 26,184 டாலர் இழப்பீடு கொடுத்தது.

உடல் எங்கே என்று தெரிந்தவன் முதல் சந்தேக நபர். எந்த நாட்டு ஆய்வாளரும் இப்படித்தான் யோசிப்பார், யோசிக்கவும் வேண்டும். உங்கள் கதையில் இன்ஸ்பெக்டர் உடனே நெகிழ்ந்து, "தம்பி, அடுத்து என்ன தெரிகிறது?" என்று கேட்டால், அவர் வேலைக்கு லாயக்கற்றவர். பையனுக்குக் கொலைகாரன் தரும் ஆபத்தைவிட, அவனை நம்பாத நல்ல போலீஸ்காரர் தரும் ஆபத்துதான் இவ்வகைக் கதையின் உயிர் என்பது என் கட்சி. இந்தப் பக்கம் முழுவதும் அதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறேன்.

14 வயதுப் பையனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிக்கலாமா? என் கதையில் இரவு முழுக்க உட்காரவைக்கிறார்கள்.

உட்காரவைப்பது நடக்கிறது. சட்டப்படி நடக்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவுப்படி, 15 வயதுக்குக் குறைந்த ஆணையும் எந்த வயதுப் பெண்ணையும் சாட்சியாக விசாரிக்க அவர்கள் வசிக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் போகவேண்டும். தாமே விரும்பி நிலையத்துக்கு வந்தால் அனுமதிக்கலாம் என்று ஒரு வாசகமும் அதில் இருக்கிறது. அந்த "விரும்பி" என்ற சொல் எத்தனை கோப்புகளில் எப்படியெல்லாம் எழுதப்படும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

சாட்சி என்ற நிலை மாறி அவன்மேலேயே சந்தேகம் விழுந்தால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வரும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது, விலங்கு கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும், பேச வருகிற அதிகாரி காக்கியில்லாமல் வரவேண்டும். குற்றம் நடந்த நாளில் 16 வயது நிறைந்தவன் கொலை போன்ற கொடுங்குற்றத்தில் சிக்கினால், அவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் ஆராயும். ஆகவே கதிருக்கு 14 வைப்பதா, 16 வைப்பதா என்பது சின்ன முடிவல்ல. ஒரு கையெழுத்துப் பிரதியில் பையனின் பதினாறாவது பிறந்தநாள் கேக் வெட்டிய அன்று இரவே கொலை நடந்தது. எழுதிய தம்பி அதன் பொருள் தெரியாமலே எழுதியிருந்தார். தெரிந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவன் பெயர் பத்திரிகையில் வந்து ஊரே அவன் வீட்டு முன் கூடுவதாக எழுதலாமா?

கூடலாம், ஆனால் பத்திரிகையில் பெயர் வரக் கூடாது. அதே சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, குற்றத்துக்குச் சாட்சியான குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. செய்தியில் "சின்னமனூரைச் சேர்ந்த சிறுவன்" என்று வரும். அது யார் என்று ஊருக்கு மாலைக்குள் தெரிந்துவிடும். அது வேறு விஷயம்.

அவன் சொன்ன கிணற்றில் உடல் கிடைத்துவிட்டது. அது சாட்சியமாக நிற்குமா?

உடல் கிடைத்தது சாட்சியம். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் சிக்கல். போலீஸ் காவலில் உள்ள குற்றம் சாட்டப்பட்டவர் தந்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவலில் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் நிரூபிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இது. நீதிமன்றங்களில் இன்றும் "இருபத்தேழு" என்றால் எல்லோருக்கும் புரியும். புதிய பாரதிய சாக்‌ஷிய அதினியத்தில் 23-ஆம் பிரிவோடு சேர்த்துவிட்டார்கள்.

1999 டிசம்பரில் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துப் பார்த்தது. மறைத்துவைத்த இடத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் காட்டினால் மூன்று வழிகள்தான் இருக்கமுடியும்: அவரே மறைத்தார், வேறொருவர் மறைப்பதைப் பார்த்தார், யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார். எது என்று அவர் சொல்ல மறுத்தால், அவரே மறைத்தார் என நீதிமன்றம் கொள்ளலாம் என்றது. நம் கதிரிடம் இருப்பது நான்காவது வழி. சட்டத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அவன் உண்மையைச் சொன்னால் அது பதிலே அல்ல. பொய் சொன்னால் மட்டும்தான் பதிலாகும். யாராவது பார்த்ததாகச் சொல் என்று அவன் வக்கீலே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் காட்சியை எழுதுங்கள். வக்கீலாக இருந்தவள் சொல்கிறேன், அந்த அறையில் வியர்க்கும்.

இதிலிருந்து தப்ப ஒரு கதவு உண்டு. குற்றம் நடந்த தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது; அதினியத்தின் 131-ஆம் பிரிவு. "இரகசியத் தகவலின் பேரில் கிணற்றைச் சோதனையிட்டோம்" என்று ஆய்வாளர் எழுதிவிட்டால் கதிர் கோப்பிலேயே இல்லை. அவனைக் காப்பாற்ற அப்படி எழுதினாரா, பெயரைத் தட்டிக்கொள்ள எழுதினாரா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள்.

நீதிமன்றத்தில் அவனைக் கூண்டில் ஏற்றி, "நான் பார்த்தேன்" என்று சொல்லவைத்தால்?

குழந்தை சாட்சி சொல்லலாம். கேள்வி புரிந்து பொருத்தமாகப் பதில் சொல்ல முடிந்தால் வயது தடையில்லை. நீதிபதி முதலில் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, பொய் சொன்னால் என்ன ஆகும் என்று நாலு கேள்வி கேட்டுப் பார்ப்பார். அதையெல்லாம் கதிர் தாண்டிவிடுவான். அடுத்ததில் விழுவான். கண்ணால் காணக்கூடிய செய்தி என்றால், அதைக் கண்டவரே வந்து கண்டேன் என்று சொல்லவேண்டும் என்பது வாய்மொழிச் சாட்சியத்தின் விதி. கதிரும் கண்டேன் என்றுதான் சொல்கிறான்! "எங்கே நின்று கண்டாய்?" என்ற குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியில் கதை முடிந்தது. "எங்கள் வீட்டுத் திண்ணையில்." கிணறு ஆறு கிலோமீட்டர் தள்ளி.

கெட்டிக்கார நண்பர் ஒருவர், நிபுணர் கருத்தாகக் கொண்டுவரலாமே என்று கேட்டார். நிபுணர் பற்றிய பிரிவில் அறிவியல், கலை என்று இருந்ததோடு, புதிய சட்டத்தில் "வேறு எந்தத் துறையும்" என்று சேர்த்திருக்கிறார்களே என்பது அவர் வாதம். சொற்கள் இருப்பது உண்மை. ஆனால் நிபுணர் என்றால் தன் முடிவுக்கு எப்படி வந்தார் என்று நீதிமன்றம் சோதித்துப் பார்க்கும்படி விளக்கவேண்டும். செருப்பைத் தொட்டேன், தெரிந்தது என்பதை எதைக்கொண்டு சோதிப்பது? நகைச்சுவைக் கதைக்கு இந்த யோசனை அருமை; தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அவன் சொல்வது உண்மையா என்று பிரெயின் மேப்பிங் செய்துவிடலாமே?

சம்மதமில்லாமல் முடியாது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், நார்கோ என்ற மயக்க மருந்துச் சோதனை, பொய் கண்டறியும் கருவி, பிரெயின் மேப்பிங் என்ற மூளைப் பதிவு ஆகிய மூன்றையும் கட்டாயப்படுத்திச் செய்வது அரசியலமைப்புக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது. நீங்கள் எழுதும் அந்த நீல விளக்கு ஆய்வகக் காட்சி அதற்கு முந்தைய காலத்துக் கதையில்தான் பொருந்தும்.

உலகத்தில் உண்மையாகவே யாராவது இப்படிக் கொலையைக் கண்டுபிடித்திருக்கிறார்களா?

கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் ஏராளம். ஏழாவது கேள்வியில் சொன்ன பெண் போல விளக்க முடியாத ஓரிரு நிகழ்ச்சிகளும் உண்டு. மற்றபடி வரலாறு சோகமானது. 1966 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கடற்கரைக்குப் போன மூன்று குழந்தைகள் திரும்பவில்லை. நெதர்லாந்திலிருந்து தொலைவில் இருப்பதை மனத்தால் காண்பதாகச் சொல்லிப் புகழ்பெற்ற ஜெரார்ட் குரோய்செட் என்ற தொலைநோக்காளர் அந்த ஆண்டு நவம்பரில் வந்திறங்கி, ஒரு கிடங்கின் தரைக்கடியில் இருக்கிறார்கள் என்றார். மக்கள் பணம் திரட்டித் தரையை உடைத்தார்கள். ஒன்றுமில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மகளைப் பறிகொடுத்த தாயிடம் 2004-இல் தொலைக்காட்சியில் சில்வியா பிரவுன் என்ற ஞானதிருஷ்டிக்காரர், உங்கள் மகள் உயிரோடு இல்லை என்றார். தாய் 2006-இல் இறந்துபோனார். மகள் 2013-இல் ஒரு வீட்டுச் சிறையிலிருந்து உயிரோடு தப்பி வந்தார்.

2011-இல் டெக்ஸஸில், ஒரு வீட்டில் ஏராளமான உடல்கள் புதைந்திருப்பதாக ஞானதிருஷ்டிக்காரர் ஒருவர் போலீஸுக்குத் தொலைபேசியில் சொல்ல, செய்தி வண்டிகள் குவிந்தன. தோண்ட ஒன்றுமே இல்லை. அமெரிக்க உளவுத்துறைகள் இருபது ஆண்டுக்கு மேல் தொலைநோக்கை ஆராய்ந்துவிட்டு, உளவுக்கு ஒரு தரமும் பயன்படவில்லை என்ற மதிப்பீட்டோடு 1995-இல் மூடிவிட்டன. பொய்த்துப்போன காட்சி என்ன செய்யும் என்பதை எழுத இவற்றைப் படியுங்கள். என் பாட்டியின் வெற்றிலையும் இந்த வரிசையில்தான் வருகிறது.

காட்சியில் எல்லாம் தெரிந்துவிட்டால் கொலைகாரன் முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொள்வானே?

அதனால்தான் முழுப் படத்தையும் காட்டக் கூடாது. கொலைகாரனின் கண் வழியாகத் தெரிந்தால் அவன் முகம் தெரியாது, கைகள் மட்டும் தெரியும். இறந்தவளின் கண் வழியாக என்றால் இருட்டும் கிணற்றின் வட்டமான வானமும். கிணற்றுத் தண்ணீரில் பிரதிபலிப்பாகத் தெரிந்தால் இடது வலது மாறிவிடும். இடக்கைக்காரனைத் தேடி ஊரெல்லாம் அலையலாம். எப்போது நடந்தது என்ற தேதி தெரியாதது இன்னும் பெரிய வசதி. கதிர் பார்த்த கிணறு முப்பது ஆண்டுக்கு முன் மூடப்பட்ட வேறு கிணறாகவும், கிடைத்த உடல் வேறு யாருடையதாகவும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பாண்டிமாதேவியின் கனவு போல உருவகமாக எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் துப்பாகப் பயன்படாது. குடை விழுந்தது என்றால் ஆய்வாளர் எதைத் தேடுவார்?

கண்டதைத் தடுக்க முடியுமா? தடுத்துவிட்டால் அவன் கண்டது என்ன?

இந்த முடிச்சை அவிழ்க்கப்போய்ப் பலர் நாவலையே கைவிட்டிருக்கிறார்கள். எளிய வழி, நடந்து முடிந்ததை மட்டும் காட்டுங்கள். நடக்கப்போவதுதான் வேண்டும் என்றால், கண்ணகி வழியில் போங்கள்: கண்டவர் செய்த செயலே அதை நடத்திவைக்கட்டும்.

கடைசியில் எல்லாம் ஒரு நோய் என்று முடிக்கலாமா?

வலிப்பு என்று மருத்துவர் சொல்லி, மாத்திரையோடு கதை முடிகிறது என்றால், முந்நூறு பக்கம் ஏமாற்றியதாக வாசகர் கோபப்படுவார். அந்த நோயோடு வாழ்கிறவர்களுக்கும் அது அவமதிப்பு. நோயும் இருக்கட்டும், காட்சியும் உண்மையாக இருக்கட்டும். மாத்திரை போட்டால் வலிப்பு நிற்கும், காட்சியும் நிற்கும். கொலைகாரன் இன்னும் வெளியில் இருக்கிறான். மாத்திரையை நிறுத்துவதா என்று பதினான்கு வயதுப் பையன் முடிவெடுக்கும் இரவு எனக்கு வேண்டும். உண்மை வாழ்க்கையில் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதையும் அந்த அத்தியாயத்தில் மறைக்காதீர்கள்.

முடிவில் அவனுக்கு அந்தச் சக்தி போய்விட வேண்டுமா, இருக்கவேண்டுமா?

இரண்டாவது கேள்வியில் சொன்ன விதிக்கு வருகிறேன். வயதுக்கு வந்தால் வெற்றிலையில் ஒன்றும் தெரியாது என்பார்கள். எங்கள் கூட்டத்துக்கு வரும் பெண் ஒருவர், அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறவர், தன் நாவலை இப்படி முடித்திருந்தார். கொலைகாரன் தண்டனை பெற்று ஓராண்டு கழித்து, இன்னொரு குழந்தையைக் காணவில்லை என்று பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய் வருகிறாள். பையனுக்கு இப்போது மீசை அரும்பியிருக்கிறது. அவள் குழந்தையின் சட்டையை நீட்டுகிறாள். அவன் வாங்கி, இரு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்கிறான். பிறகு, "எனக்கு இப்போதெல்லாம் ஒன்றும் தெரிவதில்லை அம்மா" என்று திருப்பிக் கொடுக்கிறான்.

அவன் சொன்னது உண்மையா, பொய்யா என்று மாடியில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. சட்டையை மடித்துக் கொடுத்தானா, அப்படியே கொடுத்தானா என்று மட்டும் நான் கேட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அடுத்த மாதம் ஒரு வரி சேர்த்துக் கொண்டுவந்தார்: மடித்துத்தான் கொடுத்தான், குட்டிக் கைகள் இரண்டும் உள்பக்கம் போகும்படி.